பதினொரு ஒன்றுகள்

1936 ஓகஸ்ட் 14, வெள்ளிக்கிழமை. காலை 8.20.

பண்டத்தரிப்பில் ஒரு பெண்கள் பாடசாலை. மூன்றாம் வகுப்பறையின் மூலையில் நின்ற அலுமாரியைப் பூரணம் திறந்தாள். சோக்கட்டிப் பெட்டி இருந்தது. வரவு இடாப்பு இருந்தது. தையல் ஊசிகள் வைத்த தகரப்பேணி இருந்தது. மேல்தட்டில் நேற்று மாலை அவள் வைத்துப் பூட்டிய நீல மட்டைக் கொப்பி மட்டும் இல்லை.

பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

அவள் அலுமாரியை முழுவதும் இறக்கிப் பார்த்தாள். பிறகு நிலத்தில் அமர்ந்துவிட்டாள். அந்தக் கொப்பியில் அவளுடைய ஏழு மாதங்கள் இருந்தன.

பூரணத்துக்கு வயது முப்பத்துநான்கு. தகப்பனார் பஞ்சாங்கம் கணித்தவர். அவரிடம் கணக்குக் கற்று, பன்னிரண்டு வருடமாக அந்தப் பாடசாலையில் எண்கணிதம் படிப்பித்து வந்தாள். ஆங்கிலச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாதவர்களை வருட முடிவில் நிறுத்த வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்திருந்தது. பூரணம் வீட்டில் அவளுடைய சம்பளத்தைத் தவிர வேறு வருமானம் இல்லை.

அந்த நிலையில்தான் யாழ்ப்பாணத்துக் கணித நண்பர் சங்கம் ஒரு போட்டி அறிவித்தது. கேள்வி ஒன்றே ஒன்று. பதினொரு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண், 11,111,111,111. ஒன்றையும் அந்த எண்ணையும் தவிர, அதனை மீதியின்றி வகுக்கும் எண் ஏதும் உண்டா? உண்டென்றால் செய்கை முழுவதையும் காட்டுக. வெல்பவருக்குச் சங்கம் தொடங்கவிருந்த ஆசிரியப் பயிற்சிக்கூடத்தில் கணித விரிவுரையாளர் பதவி. முடிவு நாள் ஓகஸ்ட் 22.

ஓகஸ்ட் 12ஆம் திகதி, புதன்கிழமை, பூரணம் விடையைக் கண்டாள். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையால் பெரிதாக எழுதினாள்: 21649ஐ 513239ஆல் பெருக்கினால் பதினொரு ஒன்றுகள். இரண்டு நாள் கழித்துக் கொப்பி இல்லை.

அலுமாரிக்குச் சாவி இரண்டு. ஒன்று அவளிடம். மற்றது பாடசாலை மனேச்சர் நமசிவாயத்திடம்.

"ஐயா, என்ரை கொப்பியைக் காணேல்லை," என்றாள் பூரணம்.

"எந்தக் கொப்பி?" என்றார் மனேச்சர்.

"கணக்குக் கொப்பி. போட்டிக்குச் செய்தது."

"வீட்டிலை வைச்சிருப்பீர். போய்த் தேடும்."

வீட்டில் இல்லை. சனியும் ஞாயிறும் அவள் சாப்பிடவில்லை.

ஓகஸ்ட் 17, திங்கட்கிழமை. காலை 8.05. அலுமாரியைத் திறந்தாள். மேல்தட்டில் நீல மட்டைக் கொப்பி இருந்தது.

"பாத்தீரே!" என்று மனேச்சர் சிரித்தார். "கண்ணுக்கு முன்னாலை கிடந்ததைக் காணேல்லை எண்டு ஊரைக் கூட்டினீர். கண்ணைத் திறந்து பாக்கவேணும், பிள்ளை."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் கொப்பி கிடைத்துவிட்டதே என்ற நிம்மதியில் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அன்றிரவே செய்கையை ஆங்கில எண்களில் சுத்தமாகப் பெயர்த்தெழுதி, மறுநாள் செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய்ச் சங்கத்தின் காரியாலயத்தில் கொடுத்தாள். அங்கே அரை மணி நேரம் அவளைத் தனியாக ஓர் அறையில் காத்திருக்க வைத்தார்கள். அந்த அரை மணி நேரமே அவளுக்கு வினையாயிற்று.

ஓகஸ்ட் 29, சனிக்கிழமை. பத்திரிகையில் முடிவு வெளிவந்தது. வென்றவர் இராசநாயகம், பட்டணத்து ஆங்கிலக் கல்லூரி ஒன்றின் கணித ஆசிரியர், லண்டன் பட்டதாரி. பதினேழே நாளில் விடை கண்டாராம். விடைத்தாளை ஓகஸ்ட் 17 காலை ஒப்படைத்திருந்தார். பூரணம் ஒப்படைத்தது 18. கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'பிந்தி வந்த இன்னொரு விடைத்தாள், காரியாலய மேசையில் இருந்த முதலாவதைப் பார்த்தெழுதியதெனச் சந்தேகிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது.'

ஓகஸ்ட் 31, திங்கட்கிழமை. மனேச்சரின் கடிதம் வந்தது. பிறருடைய செய்கையைக் களவாகப் பார்த்தெழுதிப் பாடசாலையின் பெயரைக் கெடுத்த காரணத்தால் பூரணம் வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறாள்.

வருட முடிவுவரைகூட அவளை விடவில்லை.

செப்டெம்பர் 1. காலை 9.30. அவள் பொலிசுக்குப் போனாள்.

"என்ன முறைப்பாடு?" என்று கேட்டான் மேசையிலிருந்த கொன்ஸ்ரபிள்.

"என்ரை எண்ணைக் களவெடுத்துப் போட்டினம்."

அவன் பேனையை மையில் தோய்த்தான். "எத்தினை போத்தல்?"

"எண்ணெய் இல்லை. எண்! இலக்கம்! பதினொரு ஒண்டை வகுக்கிற எண்! கொப்பியைத் திருப்பி வைச்சிட்டினம், எண்ணை எடுத்திட்டினம்!"

கொன்ஸ்ரபிள் பேனையைக் கீழே வைத்தான். பின்னாலிருந்த இருவர் வாய்விட்டுச் சிரித்தார்கள். "அம்மா, மாட்டைக் களவெடுத்தால் பிடிக்கலாம். கோழியைக் களவெடுத்தாலும் பிடிக்கலாம். எண்ணை எங்கை போய்ப் பிடிக்கிறது? கொப்பி உங்களிட்டைத்தானே இருக்கு. பேந்தென்ன?"

அவள் எழுந்து வந்துவிட்டாள். அழவில்லை. பல்லைக் கடித்தபடி பட்டணம் முழுவதும் விசாரித்து, இராசநாயகத்தின் செய்கை எந்த அச்சகத்தில் சங்கத்தின் சிறப்பு மலராக அச்சாகிறது என்று அறிந்துகொண்டாள்.

செப்டெம்பர் 2, புதன்கிழமை. காலை 10.40.

அச்சகத்தின் பின்னறையில் சிமியோன் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு ஒப்புநோக்கிக்கொண்டிருந்தார். குருநகர் ஆள். வயது ஐம்பத்திரண்டு. இருபத்துநான்கு வருடமாக அங்கே அச்சுப்பிழை திருத்துபவர். பஞ்சாங்கம், பைபிள் வாசகம், கலியாண அழைப்பு, மரண அறிவித்தல் எல்லாம் அவருடைய கையைத் தாண்டித்தான் வெளியே போகும். எழுத்துக் கோப்பவன் பிழை விட்டால், அவன் எந்தப் பெட்டிக்குள் கையை விட்டான், எதைப் பார்த்து ஏமாந்தான் என்று சொல்லிவிடுவார்.

"ஐயா, இந்த மலரை அடிக்கக்கூடாது," என்றாள் உள்ளே வந்த பெண். "அது என்ரை செய்கை."

சிமியோன் ஒரு வாங்கைக் காட்டினார். "இருங்கோ தங்கச்சி. ஆறுதலாய்ச் சொல்லுங்கோ."

அவள் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு தன் மேசையிலிருந்த இராசநாயகத்தின் கைப்பிரதியை எடுத்தார்.

"நானும் ரண்டு நாளாய் உதோடைதான் மல்லுக்கட்டுறன். எனக்குப் பெரிய கணக்குத் தெரியாது. ஆனால் 411 எண்டு இதிலை கிடக்கு. நாலும் ஒண்டும் ஒண்டும் ஆறு. மூண்டாலை பிரிபடும். அப்பிடியான எண்ணைக் கணக்கு வாத்தியார் ஏன் பகா எண் எண்டு எழுதினவர்? முதலிலை எங்கடை பொடியள் விட்ட பிழை எண்டுதான் நினைச்சன். கைப்பிரதியிலும் அப்பிடித்தான் கிடக்கு."

"அது 419, அண்ணை."

"என்னெண்டு தெரியும்?"

அவள் தாள் கேட்டு வாங்கினாள். "பதினொரு ஒண்டை மிச்சமில்லாமல் பிரிக்கிற பகா எண் ஒண்டு இருக்கெண்டு வையுங்கோ. ஒண்டை அந்த எண்ணாலை பிரிச்சுக்கொண்டு போனால், பதினொரு தரத்துக்கு ஒருக்கால் அதே மிச்சம் திரும்பி வரும். அப்ப, வரக்கூடிய மிச்சங்கள் எல்லாம் பதினொண்டு பதினொண்டாய்க் கூட்டம் பிரிஞ்சு நிற்கும். மிச்சங்களின்ரை தொகை அந்த எண்ணிலும் ஒண்டு குறைவு. அதாலை, எண்ணிலை ஒண்டைக் கழிச்சால் பதினொண்டாலை பிரிபடவேணும். ஒற்றை எண் எண்டபடியால் கழிச்சது ரண்டாலையும் பிரிபடும். ஆக, இருபத்திரண்டாலை பிரிச்சால் ஒண்டு மிஞ்சுற எண்களை மட்டும் சோதிச்சால் போதும். 23, 67, 89, 199, 331... 7, 13, 17 ஒண்டும் தேவையில்லை. இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு அஞ்சு மாதம் போனது. இல்லாட்டில் ரண்டாயிரத்துக்கு மேலை பகா எண்களைப் பிரிச்சுப் பாக்கவேணும்."

சிமியோன் 418ஐ இருபத்திரண்டால் வகுத்துப் பார்த்தார். பத்தொன்பது. மீதி இல்லை. 410ஐ வகுத்தார். மீதி வந்தது.

"உங்கடை கொப்பியைத் தாங்கோ."

கொப்பியை விரித்ததும் அவருடைய புருவம் உயர்ந்தது. பக்கம் முழுவதும் தமிழ் எண்கள். பஞ்சாங்கக்காரர் மகள் பஞ்சாங்க எழுத்திலேயே கணக்குச் செய்திருந்தாள். மலிவான மை. எழுத்து தொடங்கும் இடம் கறுப்பாகவும், வால் முடியும் இடம் மங்கலாகவும் இருந்தது.

அவர் கொப்பியையும் கைப்பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டினார். ஒரு மணி நேரம் போயிற்று. ஒன்பது இடத்தில் இரண்டும் வேறுபட்டன. ஒன்பதையும் ஒரு துண்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தார்.

"தங்கச்சி, நாங்கள் இதைச் சொன்னால் அவை என்ன சொல்லுவினம்? அவர் அவசரத்திலை விட்ட பிழையை நீங்கள் பாத்தெழுதேக்கை திருத்திப்போட்டியள் எண்டுவினம்."

"அப்ப நான் என்ன செய்யிறது?" அவள் எழுந்து நின்றாள். "சரியாய்ச் செய்தாலும் கள்ளி, பிழையாய்ச் செய்தாலும் கள்ளியோ?"

"இருங்கோ. ஆர் ஆரைப் பாத்தெழுதினது எண்டதைப் பிழையே சொல்லும். கொஞ்சம் பொறுங்கோ."

செப்டெம்பர் 3, வியாழக்கிழமை. மாலை 4.15. இராசநாயகம் அச்சுப்படியில் கையொப்பமிட வந்தார். வெள்ளைக் கோட்டு, கையில் தடி.

"மாஸ்ரர், 411, 417, 483, 147. இதெல்லாம் மூண்டாலை பிரிபடுதே?" என்றார் சிமியோன்.

"நீர் கணக்கு வாத்தியாரோ?"

"இல்லை. பிழை திருத்துறவன்."

"அப்ப எழுத்துப்பிழையைத் திருத்தும். எண்ணிலை கை வைக்காதையும். கிடக்கிறபடி அடியும்."

சிமியோன் தலையாட்டினார். மேசையில் கிடந்த பஞ்சாங்க அச்சுத்தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். "மாஸ்ரர், கோவியாதையுங்கோ. இந்தப் பக்க இலக்கத்தை ஒருக்கால் வாசிச்சுச் சொல்லுங்கோவன். என்ரை கண்ணாடி உடைஞ்சு போச்சு."

இராசநாயகம் தாளைப் பார்த்துச் சிரித்தார். "சு, ச எண்டு என்னவோ எழுதிக் கிடக்கு. உது தமிழ் எண்தானே? உந்தப் பழங்காலச் சாமானெல்லாம் எனக்குத் தெரியாது. அந்த ரீச்சரின்ரை கொப்பியும் உப்பிடித்தானாம். எனக்கு வாசிக்கவே தெரியாத கொப்பியை நான் பாத்தெழுதினன் எண்டு அவ ஊரெல்லாம் சொல்லித் திரியிறா. வெக்கம் இல்லை."

அவர் பொய் சொல்லவில்லை. பக்க இலக்கம் அறுபத்துநான்கு. அதை எழுத்தாகவே வாசித்த மனிதருக்குத் தமிழ் எண் உண்மையிலேயே தெரியாது. தடியைச் சுழற்றிக்கொண்டு இராசநாயகம் போனபின் சிமியோன் சட்டைப்பையிலிருந்த துண்டை எடுத்து ஒன்பது பிழைகளையும் மீண்டும் பார்த்தார்.

செப்டெம்பர் 4, வெள்ளிக்கிழமை. காலை 11.00. பண்டத்தரிப்பு. மனேச்சர் நமசிவாயத்தின் வீடு. சிமியோன் கலியாண அழைப்பிதழ் மாதிரிகளை எடுத்துக்கொண்டு வியாபாரத்துக்குப் போனவர்போலப் போனார். மனேச்சர் மகளுக்குக் கலியாணம் பேசி முடித்த செய்தி அச்சகத்துக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது.

"நாள் வைச்சாச்சோ ஐயா?"

"ஓம், ஓம்." மனேச்சர் பஞ்சாங்கத்தை எடுத்துக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு வாசித்தார். "ஐப்பசி பதினாலு. நல்ல முகூர்த்தம்."

சிமியோன் எட்டிப் பார்த்தார். அவரே ஒப்புநோக்கிய பக்கம். அழைப்பிதழ் மாதிரிகளை அடுக்கினார்.

"மாப்பிளை ஆர் ஐயா?"

"பேர் பிறகு சொல்லுறன். பெரிய உத்தியோகம் ஒண்டு வரப்போகுது. அது கையிலை வந்தாப்போலைதான் அழைப்பிதழிலை போடவேணும்."

"நல்லது. பள்ளிக்கூடத்திலை ஏதோ களவெண்டு கதைக்கினம்?"

"களவு ஒண்டுமில்லை. ஒரு பொம்பிளையின்ரை புத்திக் கோளாறு."

"அலுமாரிச் சாவி உங்களிட்டையும் ஒண்டு இருக்காமே?"

மனேச்சர் இடுப்பைத் தட்டினார். சாவிக்கொத்து சலசலத்தது. "இருபது வருசமாய் இது இந்த இடத்தை விட்டு அசையேல்லை. நான் ஒருத்தரையும் நம்பிச் சாவி குடுக்கிறேல்லை, தெரியுமோ?"

"தெரியுது ஐயா," என்றார் சிமியோன்.

அன்று பிற்பகல் அவர் பூரணத்தின் வீட்டுக்குப் போனார்.

"தங்கச்சி, கொப்பியிலை முதல் தாளைக் கிழிச்சுத் தரவேணும்."

அவள் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "கிழிக்கிறதோ?"

"அது கொப்பியோடை இருந்தால் உங்கடை கொப்பி எண்டு அவை கண்டுபிடிச்சிடுவினம்."

பிறகு தானே கிழித்துக் கொடுத்தாள்.

செப்டெம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை. மாலை 4.00. கணித நண்பர் சங்க மண்டபம். நூறு பேருக்கு மேல் கூட்டம். தலைவர் சீவரத்தினம், இளைப்பாறிய நில அளவையாளர், நடுவில் அமர்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் மாலையோடு இராசநாயகம். முன்வரிசையில் மனேச்சர் நமசிவாயம். பின்சுவரோரம் பூரணம் நின்றாள். அவளுக்கு யாரும் கதிரை கொடுக்கவில்லை. இரண்டு பெண்கள் அவளைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தங்கள் சேலைகளை ஒதுக்கிக்கொண்டார்கள்.

4.10. சிமியோன் எழுந்தார். கையில் அட்டையில் ஒட்டிய ஒரு தாள்.

"தலைவர் ஐயா, மலர் அச்சுக்கு ஆயத்தம். தமிழ் எண்ணிலையும் ஒரு பக்கம் போடலாம் எண்டு அச்சகத்திலை யோசிக்கினம். கைப்பிரதியை வாசிச்சு உறுதிப்படுத்தத் தமிழ் எண் நல்லாய்த் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் வேணும். மனேச்சர் ஐயா வாசிச்சால் நான் பலகையிலை எழுதுறன்."

"அதுக்கென்ன," என்று மனேச்சர் எழுந்து வந்தார். நூறு பேர் முன்னால் வாசிப்பதில் அவருக்குப் பெருமைதான். அட்டையைக் கை நீளத்துக்குப் பிடித்துக்கொண்டு உரத்து வாசித்தார். சிமியோன் கரும்பலகையில் ஆங்கில எண்ணில் எழுதினார்.

"இருபத்திமூண்டு. அறுபத்தேழு. எண்பத்தொன்பது. நூற்றித் தொண்ணூற்றொன்பது. முன்னூற்றி முப்பத்தொண்டு. முன்னூற்றி அம்பத்திமூண்டு. முன்னூற்றித் தொண்ணூற்றேழு. நானூற்றிப் பதினொண்டு..."

இராசநாயகம் சட்டென்று எழுந்தார். "இது இப்ப என்னத்துக்கு? நேரம் போகுது."

"இருங்கோ மாஸ்ரர்," என்றார் சீவரத்தினம். "வாசிச்சு முடிக்கட்டும்."

"நானூற்றி அறுபத்திமூண்டு. நானூற்றிப் பதினேழு. அறுநூற்றி அறுபத்தொண்டு. நானூற்றி எண்பத்திமூண்டு. எழுநூற்றி இருபத்தேழு. எண்ணூற்றி அம்பத்தொன்பது. எண்ணூற்றி எண்பத்தொண்டு. நூற்றி நாப்பத்தேழு. தொளாயிரத்தித் தொண்ணூற்றொண்டு."

"நன்றி ஐயா. அப்பிடியே நில்லுங்கோ." சிமியோன் இராசநாயகத்தின் கைப்பிரதியைத் தலைவரிடம் நீட்டினார். "ஐயா, முதல் பதினேழு எண்ணையும் பலகையோடை ஒத்துப் பாருங்கோ."

சீவரத்தினம் பார்த்தார். "அப்பிடியே கிடக்கு."

"நாலு எண் பிழை. 411, 417, 483, 147. நாலும் மூண்டாலை பிரிபடும். அப்ப, இந்த நாலு பிழையும் இராசநாயகம் மாஸ்ரரின்ரை தாளிலையும் இருக்கு, மனேச்சர் ஐயாவின்ரை வாயிலையும் இருக்கு. ஆனால் இந்த அட்டையிலை இல்லை. நீங்களே வாசியுங்கோ."

சீவரத்தினம் அட்டையை வாங்கித் தன் கண்ணாடியை அணிந்துகொண்டார். "நானூற்றிப் பத்தொன்பது... அறுநூற்றிப் பதினேழு... அறுநூற்றி எண்பத்திமூண்டு... தொளாயிரத்து நாப்பத்தேழு."

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. சிமியோன் பலகைப் பக்கம் திரும்பி நான்கு தமிழ் எண்களைப் பெரிதாக எழுதினார்.

"தமிழ் எண்ணிலை நாலு, 'ச' மாதிரி. ஆறு, 'சு' மாதிரி. ஒண்டு, 'க' மாதிரி. ஒன்பது, 'கூ' மாதிரி. வாலிலைதான் வித்தியாசம். வால் மங்கினால் ஆறு நாலாகும், ஒன்பது ஒண்டாகும். மாஸ்ரரின்ரை செய்கையிலை ஒன்பது பிழை. ஒன்பதும் இந்த ரண்டு வகைதான். ஒருக்கால்கூட நாலு ஆறாகேல்லை. ஆங்கில எண்ணிலை 9ஐ ஆர் 1 எண்டு மாறி எழுதுவினம்? 6ஐ ஆர் 4 எண்டு எழுதுவினம்? இந்தப் பிழை தமிழ் எண்ணைப் பாத்தால் மட்டுந்தான் வரும். பூரணம் ரீச்சர் தன்ரை கொப்பியைத் தமிழ் எண்ணிலைதான் செய்தவ. இந்த அட்டையிலை ஒட்டியிருக்கிறது அந்தக் கொப்பியின்ரை முதல் தாள்."

"பொய்!" என்றார் இராசநாயகம். "எனக்குத் தமிழ் எண் வாசிக்கவே தெரியாது. உமக்கே தெரியும்!"

"ஓம், தெரியும். அதைத்தான் நானும் சொல்ல வாறன். உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. அப்ப ஆரோ வாசிக்க, நீங்கள் எழுதியிருக்கிறியள். அந்த ஆளுக்குத் தமிழ் எண் தெரியவேணும். பூட்டு உடைக்காமல் அலுமாரி திறக்கவேணும். எழுத்தின்ரை வால் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கவேணும். ஐப்பசி பதினாறைப் பதினாலு எண்டு வாசிச்சு மகளுக்கு நாள் வைச்ச ஆள் அவர். சாவி இருபது வருசமாய் அவரின்ரை இடுப்பை விட்டு அசையேல்லை. அவரே சொன்னவர்."

மனேச்சரின் கையிலிருந்த சால்வை நழுவியது. அவர் எடுக்கவில்லை.

"இன்னும் ஒண்டு," என்றார் சிமியோன். "மாஸ்ரர், உங்கடை பட்டியலிலை 7 இல்லை, 13 இல்லை, 17 இல்லை. 23க்குப் பிறகு நேரே 67. ஏன்?"

இராசநாயகம் மாலையைச் சரிசெய்தார். "அது... தேவையில்லை."

"ஏன் தேவையில்லை?"

இராசநாயகம் தலைவர் பக்கம் திரும்பினார். பின்சுவரிலிருந்து பூரணத்தின் குரல் வந்தது. இருபத்திரண்டின் கதையை அவள் ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். சீவரத்தினம் பென்சிலால் தாளில் எழுதி எழுதிப் பார்த்தார். பிறகு பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவருடைய முகம் சிவந்திருந்தது.

"நமசிவாயம், இது உண்மையோ?"

மனேச்சர் கதிரையில் விழுந்தார். "மாப்பிளை இராசநாயகம்தான்; பதவி கிடைச்சால்தான் மாப்பிளை வீட்டார் நாள் வைக்க ஓம் எண்டவை. வியாழன் பின்னேரம் எடுத்தனான். ஞாயிறு வரை இருந்து வாசிச்சுக் குடுத்தனான்." அவர் பூரணத்தின் பக்கம் திரும்பவில்லை. "அவவுக்கு எப்பிடியும் வேலை போகத்தானே இருந்தது."

அந்த வார்த்தைக்குப் பிறகுதான் பூரணம் சுவரை விட்டு முன்னே வந்தாள். வழியிலிருந்தவர்கள் தாமாகவே விலகினார்கள்.

"போகத்தானே இருந்தது எண்டு களவெடுக்கலாமோ? எடுத்ததோடை விட்டியளோ? திருப்பி வைச்சுப்போட்டு எனக்குக் கண் தெரியேல்லை எண்டனீங்கள். கள்ளி எண்டு கடிதம் தந்தனீங்கள். பன்னிரண்டு வருசம், ஐயா. ஒரு நாள் பிந்தி வந்திருப்பனோ?"

இராசநாயகம் மாலையைக் கழற்றினார். "ஒரு எண்ணை வைச்சுக்கொண்டு இவ என்ன செய்யப்போறா?" என்று முணுமுணுத்தார்.

"நீங்கள் செய்யாததைச் செய்வன்," என்றாள் பூரணம். "விளங்கிக்கொள்ளுவன்."

சீவரத்தினம் எழுந்து கையை உயர்த்தினார். "இது எங்கடை சங்கத்தின்ரை மானப் பிரச்சினை. சத்தமில்லாமல் முடிப்பம். மலரிலை ரண்டு பேரின்ரை பேரையும் போட்டு..."

"என்ரை பேரோடை களவெடுத்தவரின்ரை பேரோ?" அவள் நேரே அவரைப் பார்த்தாள். "என்னைக் கள்ளி எண்டு பேப்பரிலை போடேக்கை சங்கத்துக்கு மானம் எங்கை போனது? எந்தப் பேப்பரிலை போட்டியளோ, அந்தப் பேப்பரிலை போடுங்கோ. சின்ன எழுத்திலை இல்லை."

"பதவி விஷயம்..." சீவரத்தினம் தயங்கினார். "உமக்குச் சான்றிதழ் இல்லை எண்டு..."

"கேள்வித்தாளிலை சான்றிதழ் கேட்டிருந்ததோ?"

"இல்லை."

"ஆம்பிளை எண்டு கேட்டிருந்ததோ?"

"இல்லை," என்றார் சீவரத்தினம், மெதுவாக. நில அளவையில் முப்பது வருடம் கோடு பிசகாமல் நின்ற மனிதர். கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "பயிற்சிக்கூடத்தின்ரை கணித விரிவுரையாளர் பூரணம் ரீச்சர். ஒக்டோபர் அஞ்சாம் திகதி தொடக்கம். நாளைக்கே பேப்பருக்கு எழுதுறன். ஆட்சேபம் உள்ளவை இப்ப எழும்பலாம்."

யாரும் எழவில்லை. முன்னர் சேலையை ஒதுக்கிய பெண்களில் ஒருத்தி எழுந்து தன் கதிரையைப் பூரணத்தின் பக்கம் நகர்த்தினாள். பூரணம் அதில் அமரவில்லை.

மேசையில் பட்டுத்துணியில் பதக்கம் ஒன்று கிடந்தது. இராசநாயகத்தின் பெயர் பொறித்தது. சீவரத்தினம் அதைக் கையில் எடுத்துப் புரட்டினார்.

"இதிலை உள்ள பேரைச் சுரண்டிப்போட்டு உம்மடை பேரை வெட்டுவிக்கலாம். தட்டாரிட்டைக் குடுத்தால் ரண்டு நாள் வேலை."

"சுரண்டின பதக்கம் எனக்கு வேண்டாம், ஐயா," என்றாள் பூரணம். "புதுசாய் அடிப்பியுங்கோ."

"அதுக்கு நாள் செல்லும்."

"செல்லட்டும்."

அவள் அட்டையிலிருந்து தன் தாளை மெதுவாக உரித்தெடுத்துக் கொப்பிக்குள் வைத்தாள். சிமியோனைப் பார்த்து, "வாறன் அண்ணை," என்றாள். மாலை 5.05க்கு மண்டபத்தை விட்டு வெளியேறினாள்.

அன்று யாருக்கும் பதக்கம் வழங்கப்படவில்லை.